மணல் காட்டில் கோல்ப்: கொண்டச்சிக்கு என்ன கிடைக்கும்?

முசலிப் பக்கத்தில் எம்மவர்கள் நாலு பேர் கூடும் இடங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "அம்பாந்தோட்டையிலும் மணல்தான், வெயில்தான், கடல்தான். அங்கே கோல்ப் மைதானம் போட்டு வெளிநாட்டுக்காரன் வந்து விளையாடிவிட்டுப் போகிறான். கொண்டச்சியில் அதைவிட மணல் இருக்கிறதே! எங்களுக்கு ஏன் முடியாது?"

சிரித்துத் தள்ளிவிட வேண்டிய கேள்வியல்ல இது. இலங்கையில் மழை மிகக் குறைந்த பகுதிகள் இரண்டு. ஒன்று தென்கிழக்கில் அம்பாந்தோட்டை தொடக்கம் யால வரையிலான கரை. மற்றது வடமேற்கில் புத்தளத்துக்கு வடக்கே, எமது மன்னார்க் கரை. முதலாவதில் 2016ஆம் ஆண்டு ஷங்ரி-லா நிறுவனம் தனது ஹோட்டலோடு சேர்த்து 18 குழிகள் கொண்ட கோல்ப் மைதானம் ஒன்றைத் திறந்தது. ஹோட்டலில் தங்காதவரும் பணம் கட்டி அங்கே விளையாடலாம். அப்படியானால் இரண்டாவது கரைக்கும் ஒரு நாள் யாராவது வரைபடத்தோடு வந்து நிற்கலாம். வந்து நிற்கும்போது நாம் என்ன பேச வேண்டும் என்பதை இப்போதே தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆகவே இவ்வாரம் இந்த விளையாட்டை ஒரு வியாபாரியின் கண்ணால் பார்ப்போம்.

கோல்ப் என்றாலே எமது வாசகர்களில் பலருக்குத் தூரத்து விடயம். கொழும்பில் 1879இல் காலிமுகத்திடலில் வெள்ளைக்காரர் தொடங்கிய கழகம், 1889இல் நுவரெலியாவில் தொடங்கிய கழகம் என்று அது எப்போதும் பெரிய இடத்து விளையாட்டாகவே இருந்து வந்துள்ளது. விளையாட்டு என்னவோ எளிதானதுதான். ஒரு இடத்தில் பந்தை வைத்து அடிக்க வேண்டும். சில நூறு யார் தள்ளி, வழவழவென்று வெட்டிய புல்தரையில் நாலேகால் அங்குல அகலத்தில் ஒரு குழி இருக்கும். எத்தனை அடியில் பந்து அக்குழிக்குள் விழுகிறது என்பதே கணக்கு. இப்படி 18 குழிகள். நல்ல ஆட்டக்காரருக்கு ஏறக்குறைய 72 அடிகள். குறைவாக அடித்தவரே வென்றவர். நடந்து முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் செல்லும்.

பாலைவனத்தில் விளையாடினால் என்ன நடக்கும்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் பாலைவன மைதானங்களுக்குப் பேர் போனது. அங்கே ஸ்கொட்ஸ்டேல் நகரில் 1980களின் பிற்பகுதியில் திறக்கப்பட்ட டி.பி.சி. என்ற மைதானம் பொதுமக்கள் மைதானம். அங்கத்துவம் தேவையில்லை, பணம் கட்டினால் யாரும் ஆடலாம். 1987 முதல் பீனிக்ஸ் ஓப்பன் என்ற பெரும் போட்டி ஒவ்வொரு வருடமும் அங்கேதான் இடம்பெறுகிறது. அதன் 16ஆவது குழியைச் சுற்றி, கிரிக்கெட் மைதானம் போல ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து கூச்சல் போடுவதற்கென்றே போட்டிக் காலத்தில் இருக்கைகள் எழுப்பப்படுகின்றன.

சாதாரண மைதானத்தில் ஆரம்ப இடத்திலிருந்து குழி வரை புல்தரை தொடர்ச்சியாக இருக்கும். பிழையாக அடித்தாலும் பந்து உருண்டுபோய் ஏதோ ஒரு புல்லில் நிற்கும். அரிசோனாவில் அப்படியல்ல. பந்தை வைக்கும் இடம் ஒரு பச்சைத் திட்டு, பந்து விழ வேண்டிய இடம் இன்னொரு பச்சைத் திட்டு. இரண்டுக்கும் நடுவே சரளைக் கல்லும் கள்ளிச் செடியும் முட்பற்றையும்தான். நூறு, நூற்றைம்பது யார் தூரம் பந்து ஆகாயத்திலேயே பறந்து கடக்க வேண்டும். தாழ்வாகப் போனால் கல்லில் பட்டு எங்கோ தெறித்துவிடும். கள்ளிக்கு அடியில் பந்தைக் கண்டாலும் கை விட்டு எடுப்பதற்குத் துணிவு வேண்டும், பாம்பு படுத்திருக்கலாம். ஆகவே ஓர் அடியைத் தண்டமாக ஏற்றுக்கொண்டு புதுப் பந்தைப் புல்லில் போட்டு அடிப்பதே பெரும்பாலானோர் வழக்கம். கல்லில் இருந்து அடிக்கத் துணிபவர்களோ அதற்கென்றே ஒரு பழைய மட்டையைப் பையில் வைத்திருப்பார்கள். நல்ல மட்டையைக் கல்லில் அடித்துக் கெடுக்க யாருக்கு மனம் வரும்?

இன்னொரு விசேடம், சூடான காற்று அடர்த்தி குறைந்தது. பந்து வழமையை விடத் தூரம் பறக்கும். குளிர்நாட்டிலிருந்து வருபவர் தன் பழைய கணக்கில் அடித்தால் பந்து குழியைத் தாண்டி மறுபக்கத்துக் கள்ளிக்குள் போய் விழும்.

இந்தப் பச்சைத் திட்டு முறையை அழகுக்காக மட்டும் கண்டுபிடிக்கவில்லை. தண்ணீர்ப் பற்றாக்குறையும் அதற்குப் பெரிய காரணம். 1980இல் அரிசோனா நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. அதன் கீழ் வந்த விதிகளின்படி, புதிய 18 குழி மைதானம் ஒன்றுக்குச் சுமார் 90 ஏக்கர் புல்லுக்குப் போதுமான தண்ணீர்தான் ஒதுக்கப்படும். ஆகவே மைதானம் அமைப்பவர்கள் புல்லைச் சுருக்கி, மிச்சத்தைப் பாலைவனமாகவே விட்டார்கள். விளையாடுபவருக்கு அதுவே சவாலாகவும், படம் பிடிப்பவருக்கு அதுவே அழகாகவும் போய்விட்டது. சிக்கனமாக இருக்க வேண்டிய கட்டாயத்தையே சரக்காக்கி விற்ற கெட்டித்தனம் இது.

தண்ணீர்க் கணக்கு

இப்போது அந்தக் கணக்கைக் கொண்டச்சிக்கு எடுத்து வருவோம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் விட்டால் அது ஒரு லீற்றர். 90 ஏக்கர் என்பது ஏறத்தாழ 3 இலட்சத்து 64 ஆயிரம் சதுர மீற்றர். கடும் வெயில் காலத்தில் புல் உயிரோடிருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் என்று வைத்தால், தினமும் 18 இலட்சம் லீற்றருக்கு மேல் தேவை. பத்தாயிரம் லீற்றர் பவுசரில் கொண்டு வந்தால் ஒரு நாளைக்கு 180 பவுசர். இது ஒரு நாள் கணக்கு. மழையில்லாத மாதங்களை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

கொண்டச்சி உண்மையில் பாலைவனம் அல்ல. மன்னார்ப் பகுதிக்கு வருடத்தில் சுமார் 1000 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. டுபாய்க்குக் கிடைப்பது அதில் பத்திலொரு பங்குதான். ஆனால் எமது மழை பெரும்பாலும் ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிட்டு, மீதி மாதங்களில் முகத்தைக் காட்டுவதில்லை. அந்த மழையைத் தேக்கும் அகத்திமுறிப்புக் குளத்தையும், அரிப்புக்கருகே கடலில் சேரும் அருவி ஆற்றையும் நம்பி வயல் செய்யும் சகோதரர்கள் இருக்கிறார்கள். சிறுபோகத்துக்கே தண்ணீர் பற்றாத இடத்தில் விளையாட்டுப் புல்லுக்கு வாய்க்கால் வெட்டினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கிணற்றைத் தோண்டி இழுத்தால், கடலோர மணலில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கும் மெல்லிய படைதான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும்.

"டுபாயில் எப்படிச் செய்தார்கள்?" என்று கேட்கலாம். மத்திய கிழக்கின் முதலாவது முழுப் புல் போட்டி மைதானமான எமிரேட்ஸ் கழகம் 1988இல் திறக்கப்பட்டது உண்மைதான். ஆனால் கடல் நீரைக் காய்ச்சி நன்னீராக்கும் பணமும் எரிபொருளும் அவர்களிடம் இருந்தன. ஸ்கொட்ஸ்டேலிலும் வளைகுடாவிலும் பல மைதானங்கள் நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சுகின்றன. நல்ல யோசனைதான், ஆனால் கழிவுநீர் வேண்டுமானாலும் அதற்கொரு நகரம் வேண்டுமே! சிலாவத்துறையில் அப்படியொரு நகரம் இல்லை. உவர் நீரைத் தாங்கும் பஸ்பலம் என்ற கடலோரப் புல் வகை இருக்கிறது. அதுவும் ஓரளவுக்குத்தான் தாங்கும், ஒன்றுமில்லாமல் வளராது.

ஆக, அம்பாந்தோட்டை மாதிரி அப்படியே கொண்டச்சிக்குப் பொருந்தாது என்பது எமது கருத்து. அங்கே பின்னால் நின்றது ஒரு பன்னாட்டு ஹோட்டல் நிறுவனம். மைதானம் தனியாக இலாபம் காட்டாவிட்டாலும் அறை வாடகையில் சரிக்கட்டிக்கொள்ள முடியும். எங்களிடம் உள்ள மூலதனம் மணலும் காற்றும் பழைய கதையும்தான்.

புல்லே இல்லாத மைதானம்

அந்த மூன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு உலகப் புகழ் பெற்ற ஊர் ஒன்று உண்டு. தென் அவுஸ்திரேலியாவில் அடிலெயிட் நகரிலிருந்து வடக்கே சுமார் 850 கிலோமீற்றர் தள்ளி, நட்ட நடுப் பாலைவனத்தில் இருக்கும் கூபர் பீடி. 1915இல் அங்கே ஓப்பல் கல் கண்டுபிடிக்கப்பட்டது. பேருவளை, சீனன்கோட்டை மாணிக்க வியாபாரிகளுக்கு ஓப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் தாங்க முடியாமல் ஊர்ச்சனத்தில் பாதிப்பேர் வரை நிலத்துக்குக் கீழே குடைந்த வீடுகளில் வாழும் ஊர் அது.

அங்கே ஒரு கோல்ப் மைதானம் இருக்கிறது. ஒரு புல்கூடக் கிடையாது. குழியைச் சுற்றிப் பச்சைப் புல்லுக்குப் பதிலாக எண்ணெய் கலந்து அமுக்கிய கறுப்பு மணல். ஆட்டக்காரர் ஒரு சிறிய செயற்கைப் புல் துண்டைக் கையோடு கொண்டு திரிகிறார். பந்து விழுந்த இடத்தில் அதை விரித்து, மேலே பந்தை வைத்து அடிக்கிறார். "புல்லில் நடக்காதீர்கள்" என்று ஒரு பலகை வேறு! கோடையில் 40 பாகைக்கு மேல் வெயில் அடிப்பதால் இருட்டில் ஒளிரும் பந்துகளை வைத்து இரவில் விளையாடும் வழக்கமும் அங்கே உண்டு. வெளியாரும் கட்டணம் கட்டி ஆடலாம்.

இந்த வேடிக்கைதான் அவர்களின் விளம்பரம். கோல்ப் விளையாட்டின் தாய்வீடான ஸ்கொட்லாந்தின் செயின்ட் அன்ட்ரூஸ்காரர்களோடு கூபர் பீடி கழகத்தார் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். இவர்களின் அங்கத்தவர்கள் அங்குள்ள ஒன்பது குழி மைதானத்தில் ஆடலாம், பதிலுக்கு அவர்களுக்கு ஓப்பல் தோண்ட ஒரு சிறு துண்டு நிலம். விளம்பரத்துக்குக் காசு கொடுக்காமலே உலகப் பத்திரிகைகள் இந்தக் கதையை எழுதின.

மணல் மைதானம் எம்மவர்க்குப் புதிதுமல்ல. குவைத்தின் அஹ்மதி, பஹ்ரைனின் அவாலி, கட்டாரின் துகான் ஆகிய எண்ணெய் நகரங்களில் கம்பெனி உத்தியோகத்தர்கள் இப்படியான மைதானங்களை அமைத்து ஆடினார்கள். அங்கே வேலை செய்து திரும்பிய சகோதரர்கள், வெள்ளைக்காரர் கக்கத்தில் பாய்த் துண்டை இடுக்கிக்கொண்டு வெயிலில் அலைந்த காட்சியைக் கண்டிருப்பார்கள். அபூதாபி விமான நிலையத்துக்கருகே இருந்த அல் கஸால் மணல் மைதானத்தில் 2004இல் மணல் கோல்ப் உலகப் போட்டியே நடத்தப்பட்டது.

மணலில் ஆடும் முறை வேறு. அனுமதிக்கப்பட்ட பாதை கம்புகளால் குறிக்கப்பட்டிருக்கும். அதற்குள் பந்து நின்றால் பாய்த் துண்டைப் போடலாம். வெளியே போனால் மணலில் கிடந்தபடியே அடிக்க வேண்டும், மென்மணலில் பந்து பாதி புதைந்திருக்கும். குழிக்கருகே எண்ணெய் மணலில் பந்து புல்லில் போல ஓடாது, கொஞ்சம் அழுத்தித் தட்ட வேண்டும். தட்டி முடிந்ததும் அடுத்த ஆளுக்காகக் காலடித் தடங்களை இழுவைப் பலகையால் அழித்துவிட்டுத்தான் நகர வேண்டும். எண்ணெய் விடயத்தில் மட்டும் நாம் கவனமாயிருக்க வேண்டும். கழிவு எண்ணெயைக் கொண்டச்சி மணலில் ஊற்றினால் அது கிணற்றுக்குள்தான் போய்ச் சேரும். இப்போது பல இடங்களில் அதற்குப் பதிலாகச் செயற்கைப் புல் விரிப்புப் போடுகிறார்கள். அதுவே எமக்குச் சரி.

பிறகு காற்று. மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் வீசும் வேகத்தைக் கணக்குப் பார்த்துத்தான் மன்னார்த் தீவின் தென்கரையில் 100 மெகாவொட் தம்பபவனி காற்றாலை எழுப்பப்பட்டு 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டது. அந்தக் காற்றில் உயர அடித்த பந்து எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாழ்வாக, கட்டுப்பாடாக அடிக்கத் தெரிந்தவன்தான் பிழைப்பான். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதை விரும்பித் தேடி வருவார்கள் என்பது வேறு கதை. ஆனால் பறக்கும் மணலில் கண்ணைத் திறக்க முடியாத மாதங்களில் யாரையும் கூப்பிடாதிருப்பதே மரியாதை.

"பொது" என்றால் யாருடைய நிலம்?

இங்கேதான் எமது கட்டுரையின் மையம் இருக்கிறது. பொது மைதானம் என்று சொல்லும்போது, யார் விளையாடலாம் என்பதை மட்டும் பார்க்கிறோம். வியாபாரி பார்க்க வேண்டியது நிலமும் நுழைவாயிலும் யார் கையில் என்பதை.

ஸ்கொட்ஸ்டேல் மைதானம் இருக்கும் நிலம் அமெரிக்க மத்திய அரசுக்குரியது, வெள்ளத்தைத் தேக்கி வைக்க ஒதுக்கப்பட்ட தாழ்நிலம். நகரசபை அதைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்று, மைதானத்தை நடத்துவோரிடமிருந்து வருமானத்தில் பங்கு வாங்குகிறது. மழை வந்தால் வெள்ளத்துக்கு, மற்ற நாட்களில் வருமானத்துக்கு. குளிர்காலத்தில் ஓர் ஆட்டத்துக்குப் பல நூறு டொலர் வாங்கும் அதே மைதானம், வெயில் காலத்தில் கட்டணத்தை வெகுவாக இறக்கிவிடுகிறது. அதிலும் ஒரு வியாபாரப் பாடம் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு நாலு பேர் என்றால் மணிக்கு 24 பேர். காலை ஏழு மணி இடம் விற்காமல் போனால் அதை எட்டு மணிக்கு விற்க முடியாது. ஐஸ் இல்லாத மீன் மாதிரி.

செயின்ட் அன்ட்ரூஸ் இன்னும் நல்ல உதாரணம். அதுவும் பயிர் விளையாத கடலோர மணல்வெளிதான், மழை தாராளமாக இருப்பதால் புல் தானாக முளைக்கிறது என்பது மட்டும் வித்தியாசம். அந்த ஊர் நகரசபை கடனில் மூழ்கி, 1797இல் அந்த மணல்வெளியைக் கைமாற்றியது. கடைசியில் அது முயல் வளர்க்கும் வியாபாரிகள் கையில் போய்ச் சேர்ந்தது. முயல்கள் மைதானத்தைத் தோண்டித் தள்ள, விளையாடுபவர்களுக்கும் முயல்காரர்களுக்கும் இடையில் வருடக் கணக்கில் வழக்கும் கைகலப்பும். 1821இல் அயலிலுள்ள நிலச்சுவாந்தர் ஒருவர் அதை வாங்கி விளையாட்டுக்காக மீட்டார். இன்று அது ஊருக்குச் சொந்தமான பொது நிலம், 1974 தொடக்கம் ஒரு நம்பிக்கைப் பொறுப்பின் நிர்வாகத்தில் இருக்கிறது. உலகத்தின் பெரிய ஆட்டக்காரனும் சாதாரண ஆளும் அதே பழைய மைதானத்தில் ஆடலாம். ஊர்க் கடைகளும் விடுதிகளும் அதைச் சுற்றித்தான் பிழைக்கின்றன. அன்று முயல்காரன் வென்றிருந்தால் அந்த ஊரின் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

எமது கரைக்கும் இப்படியொரு கைமாற்றக் கதை உண்டு, முடிவு மட்டும் நேர்மாறு.

கொண்டச்சிக் குடா முத்துக்குளிப்புக்குப் பேர் போன இடம். ரொபர்ட் பேர்சிவல் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி 1803இல் வெளியிட்ட நூலில், சில குடிசைகள் தவிர வேறெதுவுமில்லாத மணற்காடாக இவ்விடத்தை வர்ணித்து, முத்துக்குளிப்புக் காலத்தில் அதே இடம் பல தேசத்து மக்களால் நிரம்பி ஒரு பெரும் சந்தையாக மாறியதையும் எழுதியிருக்கிறார். தண்ணீர் உவராக இருந்ததால் குடிநீர் நாலு மைல் தூரத்து அரிப்பிலிருந்து வந்தது என்றும் சொல்கிறார். இருநூறு வருடத்துக்கு முன்பும் இவ்விடத்தின் பிரச்சினை தண்ணீர்தான்! தேசாதிபதி நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிட அரிப்பில் கட்டிய மாளிகை இன்று கடல் அரித்துப் பாதி இடிந்து நிற்கிறது.

கீழக்கரையிலிருந்து எமது மரைக்காயர் சமூகத்துச் சுழியோடிகள் வந்தார்கள். பிற்காலத்தில் வளைகுடா அரபிகளும் வந்தார்கள். 1905இல் அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் சுமார் 25 இலட்சம் ரூபா, அக்காலத்து ரூபா. அந்த வெற்றியைப் பார்த்து அடுத்த வருடமே இலண்டன் கம்பெனி ஒன்று வருடத்துக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா வீதம் 20 வருடக் குத்தகைக்கு முத்துப் பார்களை எடுத்தது. 1907க்குப் பிறகு பார்களில் சிப்பி இல்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னே கம்பெனி மூடப்பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். நூறு வருடத்துக்கு மேலாக இந்தக் கரையில் பருவத்துக்குப் பருவம் பெரும் பணம் புரண்டது. பாடி கலைந்ததும் கொண்டச்சியில் மிஞ்சியது என்ன? ஒரு கல்வீடு இல்லை, ஒரு நல்ல கிணறு இல்லை. ஏலத்தை நடத்தியவன் வேறு, குத்தகை எடுத்தவன் வேறு, முத்தை விற்றவன் வேறு. ஊரவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று நிலைமை இன்னும் நுட்பமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இம்மக்களும் உடுத்த உடையோடு புத்தளம் வந்தார்கள். 2009க்குப் பின் திரும்பிச் சென்றபோது வீட்டு வளவுகள் காடாகிக் கிடந்தன. 2017இல் மாவில்லு ஒதுக்கக் காடு வர்த்தமானியில் பிரகடனமானதும், எது காடு எது காணி என்ற சர்ச்சை பெரிதானது. வனத்தைக் காக்க வேண்டும் என்போர் பக்கத்திலும் நியாயம் உண்டு, வில்பத்து எமது பிள்ளைகளுக்கும் உரியதே. ஆனால் எல்லை தெளிவில்லாத இடத்தில் முதலீட்டாளர் வந்தால், காணி உரித்து உறுதியில்லாத ஏழைதான் முதலில் கையெழுத்து வைப்பான்.

ஆகவே யாராவது வரைபடத்தோடு வந்தால், வர்த்தகச் சங்கமும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து சில விடயங்களைக் கேட்டே ஆக வேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. கள்ள உறுதி முடித்துத் தருகிறேன் என்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். 2014ஆம் ஆண்டின் காணிச் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பொதுவாக நிலத்தை விற்க முடியாது, 99 வருடம் வரை குத்தகைக்குக் கொடுக்கலாம். 99 வருடம் என்பது உங்கள் பேரனின் பேரன் காலம். கடலோரத்தில் 300 மீற்றருக்குள் எதைக் கட்டுவதென்றாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தண்ணீர் எங்கிருந்து என்ற கேள்விக்கு "பிறகு பார்ப்போம்" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சில்லறை வியாபாரிக்கு என்ன மிஞ்சும்?

பெரிய ஹோட்டல் வந்தால் மீன் கொடுக்கலாம், மரக்கறி கொடுக்கலாம் என்று நம்புபவர்கள் உண்டு. கொடுக்கலாம்தான். காசு எப்போது வரும்? ஹோட்டல்களுக்குச் சரக்கு விடும் எவரையும் கேட்டுப் பாருங்கள், நாற்பத்தைந்து நாள், அறுபது நாள் கடன். மீன்காரனோ கடற்கரையில் அதிகாலையில் ரொக்கம் எண்ணிக் கொடுத்தவன். இடைவெளியை வட்டிக்கு வாங்கி நிரப்பினால் இலாபம் வட்டிக்காரனுக்கு. 2019 ஏப்ரலுக்குப் பின், 2020 தொற்றுக் காலத்தில், பிறகு 2022 நெருக்கடியில் என்று மூன்று முறை சுற்றுலா அடியோடு படுத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். சுற்றுலாவை மட்டும் நம்பிக் கடை போட்டவர்கள் எத்தனை பேர் எழுந்தார்கள்?

அதனால் நாம் சொல்ல வருவது சிறியது. கொண்டச்சிக்குத் தகுந்தது ஒன்பது குழி மணல் மைதானம், அதுவும் பருவத்துக்கு மட்டும். உரித்துத் தெளிவாக உள்ள நாற்பது, ஐம்பது ஏக்கர் வெறும் மணல்தரையை உரியவர்களிடமிருந்தே சங்கம் வருடக் குத்தகைக்கு எடுத்தால் போதும். மரம் வெட்டத் தேவையில்லை, கட்டடம் தேவையில்லை. பாதையைக் குறிக்கக் கம்புகள், ஒன்பது விரிப்புகள், ஒன்பது கொடிகள், இரவல் மட்டைகள், வருபவருக்கு ஆளுக்கொரு புல் துண்டு. குடிநீரும் கழிப்பறையும் சுத்தமாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் ஓலைப் பந்தலில் நடக்கும். நுழைவுக் கட்டணம் சங்கத்துக்கு. சாப்பாடு, இளநீர், ஓலைத் தொப்பி, வான் வாடகை, வழிகாட்டி எல்லாம் தனித்தனி ஆட்களுக்கு, அன்றன்றைக்கு ரொக்கமாக.

யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். கோல்புக்காக மட்டும் கொழும்பிலிருந்து யாரும் வரமாட்டார்கள், இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் நவம்பர் தொடக்கம் மார்ச் வரை வங்காலைச் சரணாலயத்துக்குப் பறவை பார்க்க வருபவர்கள் இருக்கிறார்கள், 2010இலேயே அது சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். அரிப்பு மாளிகையைப் படம் பிடிக்க வருபவர்கள் இருக்கிறார்கள். அநுராதபுரத்திலும் திருகோணமலை சீனன்குடாவிலும் விமானப்படை நடத்தும் மைதானங்களில் ஆடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு "புல்லில்லாத மைதானம்" என்ற ஒரு சொல் போதும், ஒரு முறையாவது வந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு நாம் விற்கப்போவது அரை நாள் விளையாட்டும் முத்துக் கதையும் மீன் சோறும். மாலை மன்னாரில் தங்கட்டும்.

பருவம் எது என்பதிலும் நமது முன்னோர் கணக்கே சரி. பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வாடை ஓய்ந்து, சோளகம் எழும்பாமல், கடல் அமைதியாகக் கிடக்கும். முத்துக்குளிப்பை அந்த மாதங்களில் வைத்ததற்குக் காரணம் அதுதான். மணல் பறக்காத, மழை பெய்யாத, காலையில் நாலு மணி நேரம் நடக்கக்கூடிய மாதங்களும் அவைதான். ஏப்ரல் கடைசியில் கம்புகளைப் பிடுங்கி, விரிப்புகளைச் சுருட்டி, பந்தலைக் கழற்றிச் சங்கத்தின் களஞ்சியத்தில் வைத்துவிட்டு, கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். நட்டமென்றால் சில கம்பும் சில விரிப்பும்தான் போகும், நிலம் அப்படியே இருக்கும்.